தீபாவளி மளிகைச் சீட்டில் 12,000 ரூபாய் போச்சு, நீங்களாவது பார்த்துப் போடுங்கள்

கை நடுங்குகிற கோபத்தில்தான் எழுதுகிறேன். தீபாவளிக்கு இன்னும் ஆறே நாள். எல்லாம் சீட்டில் வந்துவிடும் என்று நம்பி வீட்டில் ஒரு கிலோ பச்சரிசி கூட வாங்கி வைக்கவில்லை. 12,000 ரூபாய் போய்விட்டது.

எங்கள் ஆரணி, செய்யாறு பக்கம் தீபாவளி சீட்டு தெரியாதவர்கள் குறைவு. மாதம் 500 வீதம் 12 மாதம் கட்டினால் பச்சரிசி, துவரம்பருப்பு, உளுந்து, எண்ணெய், வெல்லம், மைதா, ஒரு பட்டாசுப் பெட்டி, கூடவே ஒரு வெள்ளிக் காசு. பண்டிகை நேரத்தில் விலை ஏறினாலும் நமக்குக் கவலை இல்லை, கொஞ்சம் மிச்சமும் ஆகும் என்று எனக்கு ஒரு அட்டை, மாமியாருக்கு ஒரு அட்டை. மாமியார் அவருக்கு வரும் முதியோர் உதவித்தொகை 1,200 ரூபாயிலிருந்து மாதாமாதம் 500 எடுத்துக் கொடுத்தார். அதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது.

நடத்தியவர் ஊர் பேர் தெரியாத ஆள் இல்லை, நாங்கள் பல வருடமாக மாதச் சாமான் வாங்கும் மளிகைக் கடைக்காரர். போன வருடம் பக்கத்து வீட்டு அக்கா சீட்டுச் சாமான் வாங்கும்போது நானும் கூடப் போயிருந்தேன். உளுந்து குறையுதே என்று அவர் கேட்டதும், கடைக்காரர் தராசில் வைத்துக் காட்டிவிட்டு, மேலே ஒரு கைப்பிடி அள்ளிப் போட்டார். அந்த ஒரு கைப்பிடி உளுந்தைப் பார்த்துத்தான் நான் சேர்ந்தேன். அட்டையின் நாலு மூலையிலும் மஞ்சள் தடவிக் கொடுத்து, "உங்க பணம் எங்க போயிடும்க்கா, கடை இங்கதானே இருக்கு" என்றார். ரசீது கேட்கவே கூச்சமாக இருந்தது. அட்டையில் 12 கட்டம், 12 ஊதா முத்திரை, ஒரு மாதம் கூடத் தவறவில்லை. கடைசித் தவணையைப் புரட்டாசி பிறந்ததுமே கேட்டு வாங்கிக்கொண்டார், அப்போதே உறைத்திருக்க வேண்டும்.

அப்புறம் ஆரம்பித்தது அலைக்கழிப்பு. லோடு வரலக்கா என்றார். ஆயுத பூஜை முடியட்டும் என்றார். பூஜையும் முடிந்தது, பருப்பு விலை ஏறிடுச்சு, தீபாவளி கழிச்சுப் பணமா வாங்கிக்கோங்க என்றார். தீபாவளி கழித்து எனக்கு எதற்கு? மாமியாரையும் கூட்டிக்கொண்டு போன அன்று கடைக்காரரின் தம்பிதான் கல்லாவில் இருந்தார், தலையைக் கூட நிமிர்த்தாமல் "சீட்டு அண்ணனோட கணக்கு, எனக்குத் தெரியாது" என்றார். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து ஷட்டர் மூடியிருக்கிறது, போன் சுவிட்ச் ஆஃப். 12,000 ரூபாய், எங்கள் வீட்டில் மட்டும்.

பண்டிகைச் செலவைக் குறைக்க வழி சொல்லலாம் என்று உட்கார்ந்தேன், இப்போது மனது ஓடவில்லை. இதை மட்டும் கேளுங்கள். பதிவு செய்யாதவர்களிடம் சீட்டுப் போடாதீர்கள், பதிவு எண் கேளுங்கள், மழுப்பினால் எழுந்து வந்துவிடுங்கள். சேமிக்கத்தான் வேண்டும் என்றால் வங்கியில் மாதாமாதம் கட்டும் ஒரு வருட ஆர்.டி. (தொடர் வைப்பு) போடுங்கள், அந்தப் பணத்தில் ஐப்பசியில் நீங்களே சாமான் வாங்கலாம். பணத்தைக் கையில் கொடுக்காமல் ஜிபேயில் அனுப்புங்கள், ஆதாரம் இருக்கும்.

இதே கடையில் சீட்டுப் போட்டவர்கள் கோபத்தில் அட்டையைக் கிழித்துவிடாதீர்கள், முன்பக்கம் பின்பக்கம் போட்டோ எடுத்து வையுங்கள். நாளை காலை நாங்கள் 14 பேர் திருவண்ணாமலை பொருளாதாரக் குற்றப் பிரிவுக்கு மனு கொடுக்கப் போகிறோம். அட்டையோடு வந்து சேர்ந்துகொள்ளுங்கள்.