யோக்யகர்த்தா விமான அருங்காட்சியகம்: ஜீரோவோடு திரும்பிவிடாதீர்கள்

யோக்யகர்த்தா போகிறவர்கள் போரோபுதூர், பிரம்பானன் என்று கோயில்களோடு முடித்துக்கொண்டு வந்துவிடுகிறார்கள். விமானப் பைத்தியம் கொஞ்சமாவது இருந்தால் அரை நாள் ஒதுக்கி திர்கந்தரா மண்டலாவுக்குப் போங்கள். இந்தோனேசிய விமானப்படையின் அருங்காட்சியகம், ஒரு காலத்தில் சர்க்கரை ஆலையாக இருந்த கட்டடம். வெளியே நிற்கும் டியூ-16 குண்டுவீச்சு விமானமே ஆளை இழுத்துவிடும், உள்ளே இரண்டாம் உலகப் போரில் பறந்த ஜப்பானியச் சண்டை விமானமான ஜீரோ இருக்கிறது, கூட்டமெல்லாம் அதன் முன்னால்தான் செல்ஃபி எடுக்கிறது.

நான் நின்றது இரண்டடுக்கு இறக்கை வைத்த சுரேங் முன்னால். ஜப்பான் கடற்படையின் கே5ஒய் பயிற்சி விமானம்தான் இது, சுரேங் என்பது இந்தோனேசியாவில் அதற்கு வைத்த பெயர். இதற்கு முன் யோகோசுகாவில் சோதனையாகச் செய்து பார்த்த 91 வகைப் பயிற்சி விமானம் பறக்கையில் நிலைகொள்ளவில்லை, அதைக் கவானிஷி கம்பெனி திருத்தி வடிவமைக்க, 1933 டிசம்பரில் பறந்தது இந்த மாடல். மொத்தம் 5,770 செய்தார்கள். 300 குதிரைத்திறன் எஞ்சின், முழு வேகமே மணிக்கு 212 கிலோமீட்டர்தான். ஆரஞ்சு வண்ணம் அடித்திருந்ததால் ஜப்பானியர்கள் சிவப்புத் தும்பி என்று கூப்பிட்டார்கள்.

பழகுவதற்கென்று செய்த வண்டி, ஆனால் அதைச் சண்டைக்கு இழுக்காமல் விடவில்லை. 1945 ஜூலை 29 அன்று ஒகினாவா அருகே காலகன் என்ற அமெரிக்க டெஸ்ட்ராயர் போர்க்கப்பலை மூழ்கடித்தது தற்கொலைத் தாக்குதலுக்கு அனுப்பிய இந்த விமானம்தான், 47 பேர் செத்தார்கள். சரி, ஜப்பான் தோற்றதோடு முடிந்ததா என்றால் அதுவும் இல்லை. ஜப்பானியர்கள் இந்தோனேசியாவில் விட்டுப்போன ஒன்றைப் பழுது பார்த்து, ஜப்பானியச் சிவப்பு வட்டத்தின் கீழ்ப்பாதியில் வெள்ளை அடித்து இந்தோனேசியக் கொடியாக்கி, 1945 அக்டோபர் 27-இல் இந்தோனேசிய விமானப்படையின் முன்னோடியான அடிசுசிப்தோ, யோக்யகர்த்தாவுக்கு மேலே ஓட்டிக் காட்டினார். 1947 ஜூலை 29 விடியற்காலை, பயிற்சி முடிக்காத பையன்கள் சுரேங்கில் போய் சலத்திகா, அம்பராவா ஊர்களில் இருந்த, நாட்டைத் திரும்பப் பிடிக்க வந்த டச்சுக்காரர்கள் மேல் குண்டு போட்டுவிட்டுத் திரும்பினார்கள். அன்று மாலையே, மருந்து ஏற்றி வந்த டகோட்டா என்ற சரக்கு விமானத்தை டச்சு விமானங்கள் சுட்டு வீழ்த்தின, அதில் இருந்த அடிசுசிப்தோவும் போனார். அந்த டகோட்டா நம் பிஜு பட்நாயக் கொடுத்தது, இந்தியப் பதிவெண் கொண்டது.

இவ்வளவும் தெரிந்துகொண்டு போனால்தான் அந்தத் திறந்த காக்பிட்டை எட்டிப் பார்ப்பதில் அர்த்தம். அப்புறம் ஒரு விஷயம், டூர் பேக்கேஜில் போகாதீர்கள். எங்களைக் கூட்டிப்போன ஏஜென்ட் டியூ-16 பக்கத்தில் குரூப் போட்டோ எடுத்ததும் பாத்திக் துணிக் கடைக்குக் கிளப்பப் பார்த்தார். தனியாக டாக்ஸி பிடித்துக் காலையிலேயே போய்விடுங்கள்.