சாம்பல் நிறமாகிப்போன ஏழாவது பாட்டு

என் பிளேலிஸ்ட்டில் ஏழாவதாக இருந்த பாட்டு ஒரு நாள் காலையில் சாம்பல் நிறத்துக்கு மாறியிருந்தது. பெயர் தெரிகிறது, அழுத்தினால் ஓடவில்லை. நான்கு நிமிடப் பாட்டு அது. ஒரு கிட்டார், ஒரு பெண் குரல், வேறு எதுவும் கிடையாது. பாட்டு முடிந்ததும் நாற்காலி ஒன்று கிறீச்சிடும். ரெக்கார்டிங்கை நிறுத்த அவரே எழுந்து போகிறார் என்று புரியும். யூடியூப் தானாக அடுத்ததை ஓடவிட்டதில் கிடைத்தவர். அப்போது அந்த வீடியோவை 200 பேர்கூடப் பார்த்திருக்கவில்லை.

என்ன ஆயிற்று என்று அவருக்கே மெயில் எழுதிக் கேட்டேன். இரண்டு நாளில் பதில் வந்தது. பாட்டை ஸ்ட்ரீமிங் தளங்களுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் விநியோக நிறுவனத்துக்கு வருஷாவருஷம் சந்தா கட்ட வேண்டும். பாட்டால் வருவதைவிட அந்தச் சந்தா அதிகம் என்பதால் இந்த முறை கட்டவில்லை. அவ்வளவுதான் விஷயம்.

எனக்குச் சுருக்கென்றது. அதுவரை என்னை அவருடைய தீவிர ரசிகன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நூறு தடவைக்கு மேல் கேட்டிருப்பேன். அந்த நூறு தடவையால் அவருக்கு அரை டாலர் வந்திருந்தாலே பெரிய விஷயம்.

அதற்கப்புறம்தான், இணையத்தில் கண்டெடுத்த சின்ன இசைக்கலைஞர்களோடு ஒட்டிக்கொண்டிருக்க இருக்கும் வழிகளை ஒன்றோடு ஒன்று வைத்துப் பார்க்க ஆரம்பித்தேன். யாருக்கு எவ்வளவு பணம் போகிறது என்பது ஒரு அளவுகோல். அதைவிட முக்கியமாக எனக்குப் படுவது இன்னொன்று. இந்த மாதிரிக் கலைஞர்கள் திடீரென்று இரண்டு மூன்று வருஷம் அமைதியாகிவிடுவார்கள். பகல் வேலை இருக்கும், குழந்தை பிறக்கும், சில சமயம் பாட்டே வராது. அந்த அமைதியை எந்த வழி தாங்கும்?

முதலில் ஸ்ட்ரீமிங். கண்டுபிடிப்பதற்கு இதைவிடச் சுலபமான இடம் இல்லை, அதை மறுக்க முடியாது. சிக்கல் பணம் பிரிக்கும் முறையில் இருக்கிறது. நாம் கட்டும் மாதச் சந்தா நாம் கேட்டவர்களுக்கு மட்டும் போவதில்லை. எல்லாருடைய சந்தாவும் விளம்பர வருமானமும் ஒரே உண்டியலில் விழுகிறது. அதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கை, மொத்தமாக யார் பாட்டு எத்தனை தடவை ஓடியது என்று பார்த்து உரிமையாளர்களுக்குப் பிரிக்கிறார்கள். மாதம் முழுக்க நான் அந்த ஒரே பெண்ணைக் கேட்டாலும், என் காசில் பெரும்பகுதி நான் ஒரு தடவைகூடக் கேட்டிராத நட்சத்திரங்களுக்குத்தான். சவுண்ட்கிளவுட் என்ற இசைத் தளம் 2021-இல், சின்னக் கலைஞர்களுக்கு, கேட்பவரின் காசு அவர் கேட்டவருக்கே போகும் முறையைக் கொண்டுவந்தது. மற்ற பெரிய தளங்கள் பெரும்பாலும் உண்டியலை விடவில்லை.

ஸ்பாட்டிஃபையில் 2024 முதல் இன்னொரு விதியும் உண்டு. கடந்த 12 மாதங்களில் 1,000 தடவை ஓடாத பாட்டுக்கு அந்தப் பதிவுக்கான ராயல்டியே (உரிமைத் தொகையே) கிடையாது. கேட்கக் கோபம் வரும். ஆனால் சின்னக் கலைஞரின் ரசிகர்களுக்கு இது ஒரு விதத்தில் கையில் கிடைத்த கணக்கு: 40 பேர் ஆளுக்கு 25 தடவை கேட்டால் அந்த 1,000-ஐத் தொட்டுவிடலாம். நட்சத்திரத்தின் கோடிகளில் என் ஒரு கேட்புக்கு அர்த்தமில்லை, இங்கே இருக்கிறது.

அதற்காக ராத்திரி ஒலியைக் குறைத்துவிட்டு ஒரே பாட்டை விடியவிடிய ஓடவிடும் வேலை வேண்டாம். நானும் அப்படிச் செய்தவன்தான், உண்மையைச் சொல்லிவிடுகிறேன். செயற்கையாக ஏற்றிய கேட்புகள் என்று சந்தேகம் வந்தால் தளங்கள் அவற்றைக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. அளவு மீறினால் விநியோக நிறுவனத்துக்கு அபராதம் போகும், அது கலைஞரின் தலையில் வந்து விடியும், பாட்டையே எடுத்துவிடவும் கூடும். நல்லது செய்யப் போய் அவருக்கே ஆப்பு வைத்த மாதிரி ஆகிவிடும்.

அமைதிச் சோதனையில் ஸ்ட்ரீமிங் படுதோல்வி. புதிதாக எதுவும் வராதவரை அல்காரிதம் சீக்கிரம் ஓரங்கட்டும். நாமும் அவரைத் தேடிப் போக மாட்டோம், ஏனென்றால் அடுத்தது தானாக ஓடிக்கொண்டிருக்கும்.

யூடியூபைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. விளம்பர வருமானத்தில் பங்கு வேண்டுமென்றால் 1,000 சந்தாதாரர்களும், ஒரு வருஷத்துக்குள் 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டும் (ஷார்ட்ஸ் போடுபவர்களுக்கு வேறு கணக்கு). அதற்குக் கீழே இருப்பவரின் வீடியோவிலும் விளம்பரம் ஓடலாம், அதில் அவருக்குக் காசு வராது. மற்றபடி ஒரு கமென்ட் போடுங்கள், மகிழ்வார்.

அடுத்தது பேண்ட்கேம்ப். 2008-இல் தொடங்கிய தளம், ஏறக்குறைய ஒரு கடை மாதிரி. கலைஞர் விலை வைக்கிறார், நாம் வாங்குகிறோம், பாட்டு ஃபைலாக நம் கையில் வருகிறது. டவுன்லோடு விற்பனையில் தளத்தின் பங்கு 15 சதவீதம், நன்றாக விற்பவர்களுக்கு அது 10 ஆகக் குறையும். பணப் பரிமாற்றக் கட்டணமும் போக, கலைஞருக்குச் சராசரியாக 82 சதவீதம் சேர்கிறது என்பது அவர்களே சொல்லும் கணக்கு. 10 டாலர் கொடுத்து ஒரு ஆல்பம் வாங்கினால் 8 டாலர் சொச்சம். ஸ்ட்ரீமிங்கில் அதே 8 டாலர் சேரச் சுமார் 2,000 தடவை ஓட வேண்டியிருக்கும். நான் எவ்வளவு தீவிர ரசிகனாக இருந்தாலும் அவ்வளவு பொறுமை கிடையாது. 2020 மார்ச்சில், ஊரடங்கில் கச்சேரிகள் நின்றபோது, தளம் தன் பங்கை ஒரு வெள்ளிக்கிழமை முழுக்க விட்டுக்கொடுத்தது. ‘பேண்ட்கேம்ப் வெள்ளி’ என்று அது அவ்வப்போது தொடர்கிறது. நான் வாங்க நினைப்பதையெல்லாம் அந்த நாளுக்குச் சேர்த்துவைத்துக்கொள்வேன்.

வாங்குவதில் எனக்குப் பிடித்த இன்னொரு சங்கதி: அது ஒரு தடவையோடு முடிகிறது. ஆல்பம் வந்தது, பிடித்தது, வாங்கினேன். அடுத்த ஆல்பம் பிடிக்கவில்லையா, வாங்கவில்லை. உறவு முறியவில்லை. மூன்று வருஷம் அவர் காணாமல் போனாலும் என் கையில் இருக்கும் ஃபைலுக்கு ஒன்றும் ஆகாது. அவர் திரும்பி வந்து எதையாவது வெளியிட்டால், பின்தொடர்பவர் என்ற முறையில் எனக்கு மெயில் வரும்.

ஆனால் கடை கைமாறும். பேண்ட்கேம்பை 2022-இல் எபிக் கேம்ஸ் என்ற வீடியோ கேம் நிறுவனம் வாங்கியது, அடுத்த வருஷமே சாங்டிரேடர் என்ற இசை உரிம நிறுவனத்துக்கு விற்றது, அந்தக் கைமாற்றத்தில் ஊழியர்களில் பாதிப்பேருக்கு வேலை போயிற்று. அதனால் வாங்கியதைச் செயலியிலேயே விட்டுவைக்காமல் இறக்கி வைத்துவிடுவது புத்திசாலித்தனம். ஃபேஸ்புக்குக்கு முன்னால் பிரபலமாக இருந்த மைஸ்பேஸ் தளத்தின் கதை ஞாபகம் இருக்கிறதா? சர்வர் மாற்றும்போது 2003 முதல் 2015 வரை ஏற்றிய இசையெல்லாம் போய்விட்டதாக 2019-இல் வெளியே தெரிந்தது. 5 கோடிப் பாட்டுகள் இருக்கலாம் என்றார்கள். யாரோ ஒருவர் ஹார்டு டிஸ்கில் சேமித்து வைத்திருந்தவை மட்டும் மிச்சம்.

கடைசியாக மாதச் சந்தா, அதாவது ரசிகர்கள் கலைஞருக்கே மாதாமாதம் பணம் கட்டும் பேட்ரியான் தளத்தின் வகை. 2013-இல் இதைத் தொடங்கிய இருவரில் ஜாக் கான்டே தானே ஒரு இசைக்கலைஞர். மாதம் இவ்வளவு நிச்சயமாக வரும் என்று தெரிந்தால் வாடகை கட்டலாம், ஸ்டுடியோ எடுக்கலாம். பணக் கணக்கில் இதுதான் முதலிடம். சேருபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை மட்டும்: ஐபோன் செயலிக்குள்ளேயே ஆப்பிளின் கட்டண முறையில் பணம் கட்டினால் ஆப்பிள் 30 சதவீதம் வரை எடுத்துக்கொள்ளும், உலாவியில் தளத்துக்குப் போய்ச் சேர்ந்தால் அது மிச்சம்.

எனக்கு இதில் ஒரு மனத்தாங்கல் உண்டு. மெதுவாக வேலை செய்யும் ஒருவருக்கு நான் ஒன்றரை வருஷம் சந்தா கட்டினேன். முதல் சில மாதங்கள் டெமோ, பாட்டு எழுதிய நோட்டுப் புத்தகத்தின் போட்டோ என்று வந்தன. அப்புறம் மாதாமாதம் ஒரு மன்னிப்புக் கடிதம். "இந்த மாதமும் எதுவும் முடியவில்லை, எல்லாரும் பொறுத்துக்கொள்ள வேண்டும்." யாரும் அவரிடம் கணக்குக் கேட்கவில்லை. மாதம் பிறந்ததும் எங்கள் காசு போய் நின்றதே கணக்குக் கேட்டது போலாகிவிட்டது. கடைசியில் அவரே பக்கத்தை மூடினார். ஒரு மாதத்துக்கு வசூலை நிறுத்திவைக்கும் வசதி அங்கே உண்டு. அதை அழுத்தக்கூட அவருக்குக் கூச்சமாக இருந்ததோ என்னவோ. நிறைய எழுதுபவர், ரசிகர்களோடு பேசிக்கொண்டே இருக்கப் பிடித்தவர் என்றால் தாராளமாகச் சேருங்கள். கூச்ச சுபாவிகளுக்கு இது பாரம்.

இவை எல்லாவற்றுக்கும் அடியில், யாரும் கண்டுகொள்ளாத ஒன்று இருக்கிறது: கலைஞரின் சொந்த மெயில் பட்டியல். அவருக்கு இதனால் நேரடி வருமானம் இல்லை. ஆனால் முகவரிகள் அவர் கையில் இருக்கின்றன, தளம் விற்கப்பட்டாலும் மூடப்பட்டாலும் கூடவே வரும். அமைதிச் சோதனையில் என் முதல் மதிப்பெண் இதற்குத்தான்.

ஆகவே என் ஏற்பாடு இப்படி: ஸ்ட்ரீமிங்கில் தேடுகிறேன். மூன்றாவது தடவை திரும்பிப் போய்க் கேட்கும் எதையும் வாங்கிவிடுகிறேன். பிடித்தவர் எல்லாருடைய மெயில் பட்டியலிலும் பெயர் கொடுக்கிறேன். மாதச் சந்தா இரண்டே பேருக்கு, அந்த இருவரும் வாயாடிகள்.

ஏழாவது பாட்டுக்காரர் கேட்காமலேயே ஃபைலை அனுப்பிவைத்தார். பணம் எங்கே அனுப்புவது என்று கேட்டதற்கு, அடுத்தது வரும்போது வாங்கிக்கொள்ளுங்கள் என்றார். அவர் அனுப்பியது வெட்டாத மூலப் பதிவு. நாற்காலி கிறீச்சிட்டதும் பாட்டு முடிந்துவிடவில்லை. இரண்டு காலடிகள், ஒரு இருமல், அப்புறம் ஸ்விட்ச் சத்தம். அடுத்தது இன்னும் வரவில்லை.