கத்தி தீட்டும் போட்டி: கூர்மையை எதை வைத்து அளப்பது?

சாணை பிடிப்பதைப் பொழுதுபோக்காக வைத்திருக்கும் நாலைந்து பேர் ஒன்று சேர்ந்தால் "யாருடைய கத்தி அதிகக் கூர்" என்ற பேச்சு வந்தே தீரும், உடனே ஒரு ஞாயிற்றுக்கிழமை போட்டி வைத்துவிடலாம் என்று முடிவும் ஆகிவிடும். இடம், டீ, பரிசு எல்லாம் பேசி முடித்த பிறகுதான் எதை வைத்துத் தீர்ப்பு சொல்வது என்று யோசிக்கிறார்கள். அதைத்தான் முதலில் யோசிக்க வேண்டும், ஏனென்றால் நீங்கள் எந்தச் சோதனையை அறிவிக்கிறீர்களோ அதற்குத் தோதாகத்தான் எல்லோரும் கத்தியின் வாயை, அதாவது வெட்டும் விளிம்பை, தீட்டிக்கொண்டு வருவார்கள். என் கட்சி இது: முதல் வெட்டை மட்டும் பார்த்துப் பரிசு கொடுக்கக் கூடாது.

காரணம் பிசிறு. கல்லில் தேய்க்கும்போது விளிம்பின் மறுபக்கத்தில் மெல்லிய உலோகப் பிசிறு எழும், அதை முழுதாக எடுக்காமல் நேராக நிமிர்த்தி மட்டும் விட்டால் கத்தி அசாத்தியக் கூராகத் தெரியும், மயிரை மழிக்கும், பேப்பரைக் கிழிக்காமல் வெட்டும். பத்து கேரட் நறுக்கியதும் அந்தப் பிசிறு மடங்கிப் படுத்துவிடும். தீட்டத் தெரிந்தவரையும் தெரியாதவரையும் பிரிப்பதே அந்தப் பிசிறை எடுக்கும் வேலைதான், அதை முதல் வெட்டு காட்டாது.

செலவே இல்லாதது பேப்பர் சோதனை. நாளிதழ் ஒரு தாளை ஒரு கையில் தூக்கிப் பிடித்து மேலிருந்து கீழே வெட்டுவது, பார்ப்பவர்களுக்கும் பிடிக்கும், சத்தத்திலேயே எங்கே சொத்தை என்று தெரிந்துவிடும். வாயில் ஒரு இடம் மழுங்கி இருந்தால் அந்த இடத்தில் சரக்கென்று மாட்டும். ஆனால் பேப்பருக்கு இழை ஓடும் திசை உண்டு. ஒரு பக்கமாகக் கிழித்தால் நேராகக் கிழியும், குறுக்கே கிழித்தால் கோணல்மாணலாகப் போகும் அல்லவா, வெட்டும்போதும் அதே கதைதான். ஆகவே எல்லோருக்கும் ஒரே திசை, ஒரே நாள் பேப்பர் என்று விதி வைக்காவிட்டால் சண்டை வரும். அதோடு இதில் கிடைப்பது "வெட்டியது, வெட்டவில்லை" என்ற பதில்தான். எட்டுப் பேரில் ஆறு பேர் தேறிவிடுவார்கள், அப்புறம் யார் முதல்?

தக்காளி சமையலறைக்கு நேர்மையான சோதனை என்பார்கள், அது உண்மைதான். பலகையில் வைத்து, கத்தியின் சொந்த எடையை மட்டும் விட்டு, இழுத்து அறுத்தால் தோல் உடனே பிளக்க வேண்டும். ஆனால் தக்காளியின் தீர்ப்பு ஒரு பக்கமாகச் சாயும். சாணைக்கல்லின் எண் கூடக் கூடக் கல் நைசாகும். 400 எண் கல்லோடு நிறுத்திய கத்தியின் விளிம்பில் நுண்ணிய பற்கள் மிச்சம் இருக்கும், அவை தோலைக் கவ்விப் பிடிக்கும். 8000 வரை ஏற்றிக் கண்ணாடிபோல் மெருகேற்றியவருடையது அதே தோல்மேல் வழுக்கலாம். உழைத்தவர் தோற்றுப்போவார். அவரது உழைப்பு வீண் இல்லை, இழுக்காமல் நேராக அழுத்தி வெட்டும் வேலையில் அந்த மெருகுதான் ஜெயிக்கும். ஆகவே தக்காளியை மட்டும் வைத்தால் முரட்டுக் கல்காரருக்குப் பரிசு, நூலை மட்டும் வைத்தால் மெருகுக்காரருக்குப் பரிசு.

நூல் என்றேனே, அதுதான் எண்ணாகக் கணக்கு தரும் முறை. அமெரிக்காவின் மைக் புருபேக்கர் உருவாக்கிய பெஸ் அளவுகோலில், குறிப்பிட்ட ஒரு செயற்கை இழையைக் கத்தியால் நேராக அழுத்தி, அது அறுபட எத்தனை கிராம் விசை தேவைப்பட்டது என்று பார்ப்பார்கள். எண் குறையக் குறையக் கூர்மை அதிகம். புதிய ஷேவிங் பிளேடு 50 கிராம் பக்கத்தில் நிற்கும். அந்தக் கருவி நம் கையில் இல்லை என்றால், டிஜிட்டல் தராசின்மேல் ஒரு சட்டம் வைத்து, தூண்டிலுக்குக் கட்டும் மெல்லிய நைலான் நரம்பை அதில் இழுத்துக் கட்டி, அறுபடும் நொடியில் தராசு காட்டிய உச்ச எண்ணை மொபைலில் வீடியோ எடுத்துப் பார்த்துக்கொள்ளலாம். வீட்டில் வரும் எண்ணை பெஸ் எண்ணோடு ஒப்பிடக் கூடாது, நம் போட்டிக்குள் ஒருவரோடு ஒருவரை ஒப்பிட்டால் போதும். நரம்பை எவ்வளவு இறுக்கிக் கட்டுகிறோம் என்பது எண்ணை மாற்றிவிடும், ஆகவே ஒவ்வொரு முறையும் நரம்பின் ஒரு முனையில் ஒரே எடைக்கல்லைத் தொங்கவிட்டு, அந்த இழுப்பிலேயே மறுமுனையைத் திருகி மூட வேண்டும். கட்டுவது ஒரே ஆளாக இருக்கட்டும். வாயின் மூன்று இடத்தில், அடி, நடு, நுனி என்று பார்த்துச் சராசரி எடுங்கள். பலர் நடுப்பகுதியை அழகாகத் தீட்டிவிட்டு நுனி வளைவில் கோட்டை விடுகிறார்கள்.

இதில் எனக்கு மதிப்பு அதிகம், ஆனாலும் தனியாக வைத்தால் பிசிறுக்காரர் இதிலும் தப்பித்துவிடுவார். தொழில்முறையாகச் சோதிப்பவர்களும் முதல் எண்ணோடு நிறுத்துவதில்லை. இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் உள்ள கேட்ரா ஆய்வு நிறுவனத்தின் இயந்திரத்தில், ஐஎஸ்ஓ 8442-5 தரத்தின்படி, 5 சதவீதம் சிலிக்கா கலந்த அட்டைத் துண்டுகளைக் கத்தியின் வாய்மேல் 50 நியூட்டன் விசையில் அழுத்தி முன்னும் பின்னும் அறுக்க விடுவார்கள். முதல் சில அறுப்பில் எவ்வளவு ஆழம் போனது என்பது ஒரு கணக்கு, 60 சுற்று முடிந்தபின் மொத்தம் எவ்வளவு என்பது இன்னொரு கணக்கு. நமக்கு அந்த இயந்திரம் வேண்டாம், அந்த யோசனை வேண்டும்.

கயிறு வெட்டும் வழியைச் சிலர் விரும்புகிறார்கள். அமெரிக்கன் பிளேட்ஸ்மித் சொசைட்டி கொல்லர்களுக்கு வைக்கும் தேர்வில், தொங்கும் 1 அங்குலக் கயிற்றை ஒரே வீச்சில் வெட்டி, மரக்கட்டையைக் கொத்தி, பிறகும் மயிர் மழிக்க வேண்டும், கடைசியில் கத்தியை 90 பாகை வளைத்துக் காட்ட வேண்டும். அருமையான தேர்வு, ஆனால் அது எஃகுக்குப் பதம் கொடுத்தவரைச் சோதிக்கிறது. வீசும் கையின் பழக்கமும் சேர்ந்துவிடும். கூட்டம் நிற்கும் இடத்தில் கத்தி வீசுவதே எனக்குச் சம்மதம் இல்லை.

ஜப்பானில் 1997 முதல் நடக்கும் கெசுரோகாய் கூட்டங்கள் வேறு வகை. அங்கே இழைப்புளியால் மரத்தைச் சீவி, சுருளின் தடிமனை மைக்ரான் கணக்கில் அளக்கிறார்கள், கைதேர்ந்தவர்களுக்கு ஒற்றை இலக்கத்தில் வரும், தலைமயிரின் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. பார்க்கவே ஆசையாக இருக்கும். ஆனால் அங்கே தீட்டுதலோடு மரமும் இழைப்புளியின் அடிக்கட்டையும் சேர்ந்து தீர்மானிக்கின்றன. நம் நட்புப் போட்டிக்கு அது பெரிய ஏற்பாடு.

சொந்தக் கத்தியா, பொதுக் கத்தியா? சொந்தக் கத்தி கொண்டுவந்தால் ஆசை தீரும், ஆனால் எஃகின் கடினத்தைச் சொல்லும் ராக்வெல் அளவில் 61 உள்ள ஜப்பானியக் கத்தியும் 55 உள்ள சாதாரணக் கத்தியும் ஒரே வரிசையில் நின்றால் பரிசு கடைக்குப் போகிறது. ஒரே மாடல் மலிவான சமையல் கத்தி எல்லோருக்கும் வாங்குங்கள். எல்லாவற்றையும் ஒரே ஆள் கல்லின்மேல் வாயைச் செங்குத்தாக வைத்து இரண்டு இழுப்பு இழுத்து மழுக்கட்டும். விளக்கைக் காட்டினால் வாய் முழுக்க ஒரு வெள்ளிக் கோடு மின்ன வேண்டும், அதுவே எல்லோருக்கும் ஒரே தொடக்கம். நேரம் 40 நிமிடம் போதும். கோணம் பிடித்துத் தரும் கிளாம்ப் வைத்திருப்பவர்களும் வெறுங்கையால் தீட்டுபவர்களும் தனித்தனிப் பிரிவில் இருக்கட்டும், மோட்டார் சாணையை விட்டுவிடலாம்.

இப்படி எல்லாவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நான் தேர்ந்தெடுப்பது நூலும் அட்டையும் சேர்ந்த முறை. முதலில் நூலில் ஒரு எண். அப்புறம் ஒரே கடையில் வாங்கிய அட்டைப்பெட்டியை ஒவ்வொருவரும் மொத்தம் 5 மீட்டர் நீளத்துக்கு வெட்ட வேண்டும், பிடிக்கும் கையில் வெட்டுப்படாத கையுறை கட்டாயம். உடனே மறுபடி நூலில் ஒரு எண், இதற்கு முதல் எண்ணைப்போல் இரண்டு மடங்கு மதிப்பு. தக்காளியைச் சமன் வந்தால் மட்டும் எடுங்கள், கத்தி யாருடையது என்று தெரியாத ஒருவர் அறுக்கட்டும், கைப்பிடியில் எண் எழுதிய டேப் ஒட்டியிருந்தால் போதும்.