கிராடோவுக்கு ஒரு மஞ்சள் பஞ்சு

கிராடோ எஸ்ஆர்80 ஹெட்போன் வைத்திருப்பவர்களுக்கு என் சிபாரிசு, சென்ஹைசர் எச்டி 414-இன் மஞ்சள் பஞ்சு, அதாவது காதில் படும் மெத்தை. 1968-இல் வந்த ஹெட்போனுக்கானது. மாட்டிக்கொண்டு ஆபீஸ் போனால் கிண்டல் நிச்சயம்!

அப்படியே மாட்டினால் டிரைவருக்கும் (ஹெட்போனுக்குள் ஒலி எழுப்பும் குட்டி ஸ்பீக்கர்) காதுக்கும் நடுவே பஞ்சு அடைத்து ஒலி மந்தமாகும். அதனால் நடுவில் அமெரிக்கக் கால் டாலர் நாணயம் அளவுக்கு, அதாவது 24 மி.மீ. சொச்சம், வட்டமாக வெட்டி எடுப்பார்கள். புது பிளேடு அவசியம். மழுங்கியதில் வெட்டினால் ஓரம் பிய்ந்து துகள் கொட்டும்.

இப்போது மிருதங்கத்தின் தொப்பி (இடது பக்கம்) கும்மென்று இறங்குகிறது, வலந்தலைச் (வலது பக்கம்) சொற்களும் பளிச். ஒலி மேடை, அதாவது இசை பரந்து கேட்கும் உணர்வு, மட்டும் கொஞ்சம் சுருங்கின மாதிரி. எனக்கு அது பரவாயில்லை, முழுக் கச்சேரி கேட்டாலும் காது வலிப்பதில்லையே. சால்டரிங் வேலை கிடையாது. பிடிக்காவிட்டால் பழைய பஞ்சையே மாட்டிவிடலாம்.