டர்னரா, கான்ஸ்டபிளா?

இருவரும் ஆங்கில நிலக்காட்சி ஓவியர்கள். டர்னர் பிறந்தது 1775, கான்ஸ்டபிள் 1776. டர்னர் ஆல்ப்ஸ், வெனிஸ் என்று சுற்றியவர். கடலும் புயலும் அவர் கையில் ஒளியாகவே கரைந்துவிடும். 26 வயதிலேயே, லண்டனின் கலைஞர் அமைப்பான ராயல் அகாடமியின் முழு உறுப்பினர்.

பிரமிப்புக்கு டர்னர், சரி. ஆனால் என் மனம் கான்ஸ்டபிள் பக்கம்தான். அவர் இங்கிலாந்தை விட்டு வெளியே போனதே இல்லை. அப்பாவின் மாவு ஆலை, ஸ்டவர் ஆறு, சஃபோக் வயல்கள், இவையே அவருக்குப் போதுமாக இருந்தன. 1821, 1822இல் லண்டனை ஒட்டிய ஹாம்ப்ஸ்டெட்டில் மேகங்களை மட்டுமே வரைந்து, பல ஓவியங்களின் பின்புறம் நேரத்தையும் காற்றின் திசையையும்கூடக் குறித்துவைத்தார். என்ன பொறுமை!

அகாடமியின் முழு உறுப்பினர் பதவி கான்ஸ்டபிளுக்குக் கிடைத்தது 52 வயதில், மனைவி மரியா இறந்த சில மாதங்களில். பாரிஸோ அவருடைய வைக்கோல் வண்டி ஓவியத்துக்கு 1824இலேயே தங்கப் பதக்கம் கொடுத்திருந்தது.