பழைய செட்டுக்குப் புதிய ஆட்கள்: மரமா, ரெசினா, 3டி பிரிண்டா?

ஃபிஷர்-பிரைஸ் பொம்மைக் கம்பெனி 1974-இல் கொண்டுவந்த கோட்டை செட்டில் ராஜா, ராணி, இளவரசன், இளவரசி, கவசம் போட்ட வீரன் எல்லாரும் இருக்கிறார்கள். ஒரு ரோஸ் நிற டிராகன்கூட உண்டு. சமைத்துப் போடத்தான் ஆள் இல்லை. 1968-இன் பண்ணை செட்டில் கதவைத் திறந்தால் மாடு கத்தும்; அந்த மாட்டுக்கு ஒன்று என்றால் பார்க்க டாக்டர் கிடையாது. பழைய செட் சேகரிப்பவர்கள் தனியாகப் பொம்மை ஆள் செய்து வாங்குவது இந்த மாதிரி காலி இடங்களை நிரப்பத்தான். தன் வீட்டு ஆட்களையே செய்யச் சொல்லி, 1969-இன் வீடு செட்டில் குடியேற்றுபவர்களும் உண்டு.

நியூயார்க் மாநிலத்தின் ஈஸ்ட் அரோரா ஊரில் 1930-இல் தொடங்கிய கம்பெனி ஃபிஷர்-பிரைஸ். 1959-இன் பள்ளிப் பேருந்தில்தான் கழற்றி எடுக்கக்கூடிய ஆட்கள் முதலில் வந்தார்கள். கை கால் கிடையாது. உருளை உடம்பு, உருண்டைத் தலை, சுமார் இரண்டு அங்குல உயரம். முதலில் மரத்தில் செய்தார்கள், பிறகு படிப்படியாக பிளாஸ்டிக்குக்கு மாறினார்கள். கார், நாற்காலி என்று எதில் உட்கார வைப்பதானாலும் அதில் ஒரு வட்டக் குழி இருக்கும்; ஆளின் அடிப்பாகம் அதில் இறங்கி நிற்க வேண்டும். புதிதாகச் செய்து வாங்கும்போது நான் முதலில் பார்ப்பது இதைத்தான். முகம் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் கண்ணுக்குப் பழகிவிடும். குழியில் இறங்காத ஆளுக்கு அந்த செட்டில் இடமே இல்லை.

பழைய அசல் ஆளையே வாங்கி வேறு வண்ணம் பூசுவது ஒரு வழி. அளவைப் பற்றிக் கவலையே இல்லை, எங்கே வைத்தாலும் உட்காரும். ஆனால் முகம் முழுக்கத் தேய்ந்துபோனதை, குழந்தைகள் கடித்த பல் தடம் பதிந்ததை மட்டும் இதற்கு எடுங்கள். நல்ல நிலையில் இருக்கும் பழைய முகத்தின் மேல் பெயின்ட் அடிப்பது எனக்குச் சம்மதமில்லை. அடித்தது அடித்ததுதான், திரும்ப வராது. பிளாஸ்டிக் உடம்பென்றால் பிரைமர் என்ற அடிப்பூச்சு அடிக்காமல் அக்ரிலிக் பெயின்ட் பூசினால் நகம் பட்டாலே உரியும்.

மரக்கடைசல்தான் என் முதல் தேர்வு. மேப்பிள், பர்ச் மாதிரி கெட்டியான மரத்தில் கடைந்த ஆளைக் கையில் எடுத்தால் பழைய மர ஆட்களின் அதே கனம், அதே மழமழப்பு. மேசையில் வைக்கும்போது ‘டக்’ என்று வரும் சத்தத்தைக்கூட வேறு எதிலும் கேட்க முடியாது. ஒன்று கவனியுங்கள்: கைவினைக் கடைகளில் மொத்தமாகக் கிடைக்கும் மரக்குச்சி பொம்மைகள் வேறு ரகம். பலவற்றில் தோள் சரிந்து அடி அகலமாக இருக்கும், அது இந்தக் குழிக்குள் போகாது. கடைசல் தெரிந்தவரிடம் ஒரு அசல் ஆளையும் ஒரு காரையும் சேர்த்தே கொடுத்து அளவெடுக்கச் சொல்லுங்கள். வெர்னியர் அளவுகோலில் எடுத்த எண்ணை மட்டும் அனுப்பினால் போதாது. மரம் ஈரக் காற்றில் உப்பும், காய்ந்த காற்றில் சுருங்கும். வார்னிஷும் தன் பங்குக்குக் கொஞ்சம் தடிமன் சேர்க்கும். அதனால் பூச்சு முடிந்த பிறகும் தளர்வாக இறங்குகிற அளவில் கடைவதுதான் சரி. இறுக்கமாக இருந்தால் பிடித்து இழுக்கிற இழுப்பில் ஐம்பது வயது நாற்காலி விரிந்துபோகும். பூச்சு நன்றாகக் காயவும் விட வேண்டும். பல பழைய செட்களின் சுவரிலும் தரையிலும் ஒட்டியிருப்பது அச்சடித்த காகிதம். பிசுபிசுக்கும் ஆளை அதன் மேல் நிறுத்தி வைத்தால், எடுக்கும்போது காகிதமும் சேர்ந்து வந்துவிடும்.

ரெசின், அதாவது ஊற்றினால் இறுகிக் கெட்டியாகும் பிளாஸ்டிக் திரவம். அந்த வார்ப்பு பார்வைக்கு அழகு. அசலிலிருந்து சிலிகோன் ரப்பர் அச்சு எடுத்து வார்ப்பதால் தொப்பி, முடி, காலர் எல்லாம் அப்படியே வரும். ஆனால் இறுகும்போது ரெசின் லேசாகச் சுருங்கும். ஆள் அசலைவிட இத்தனூண்டு சிறுத்து, குழியில் லொட லொட என்று ஆடும். கெட்டியான தரையில் விழுந்தால் விளிம்பு உடையும். அப்புறம், சாவி கொடுத்தால் பாட்டோடு சுற்றும் ராட்டினம் வைத்திருப்பவர்கள் கனத்தையும் பார்க்க வேண்டும். ஒரு பக்கம் ரெசின், எதிர்ப்பக்கம் உள்ளே வெற்றான பிளாஸ்டிக் என்று உட்கார வைத்தால் சக்கரம் தயங்கும், பழைய ஸ்பிரிங்குக்கு அது வீண் சுமை. அலமாரியில் நிறுத்தி வைத்துப் பார்க்க மட்டும் ரெசின் போதும்.

3டி பிரிண்டில் பெரிய வசதி, அடிப்பாகத்தைத் திருத்திக்கொள்ளலாம். காரில் இறுகுகிறதா, விட்டத்தில் 0.2 மில்லிமீட்டர் குறைத்து இன்னொன்று எடுத்தால் முடிந்தது. சக்கர நாற்காலி, பால் கேன் என்று பழைய செட்டில் இல்லாத சாமான்களுக்கும் இதைவிட நல்ல வழி தெரியவில்லை. குறையும் இருக்கிறது. பிஎல்ஏ என்ற பிளாஸ்டிக் இழையில் எடுத்தால் உடம்பெல்லாம் வரி வரியாகத் தெரியும், தேய்த்து பிரைமர் அடித்தால்தான் அடங்கும். அது சுமார் 60 டிகிரி செல்சியஸிலேயே இளகிவிடும், வெயிலில் நிற்கும் காருக்குள் வைத்துவிட்டு வரக்கூடாது. திரவ ரெசின் பிரிண்டரில் கண் இமை வரை துல்லியமாக வரும். ஆனால் சரியாகக் கழுவி, புற ஊதா ஒளியில் முழுதாக இறுக்காத ரெசின் தோலுக்கு ஆகாது. கையில் ஒட்டுகிற மாதிரி வந்தால் விற்றவருக்கே திருப்பி அனுப்புங்கள்.

எந்த வழியில் செய்தாலும் இரண்டு விஷயங்களில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஒன்று, அடியில் செய்தவரின் குறியும் வருடமும் இருக்க வேண்டும், அதிலும் அசலிலிருந்து அச்சு எடுத்த ரெசினில் கட்டாயம். குறி இல்லாத நகல் நாலு கை மாறினால் அசல் விலைக்குப் போய்விடும், ஏமாறுபவர் புதிதாகச் சேகரிக்க வந்தவராகத்தான் இருப்பார். இரண்டாவது, சின்னக் குழந்தை. இந்த அளவு ஆட்கள் தொண்டையில் சிக்கும் ஆபத்து பெரிதாகப் பேசப்பட்டு, 1991-இல் கம்பெனியே இவர்களைப் பருமனாக மாற்றிவிட்டது. பழைய குழிக்குப் பொருந்தும்படி நாம் செய்வதெல்லாம் அந்தப் பழைய அளவில்தான். மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளை இருக்கும் வீட்டில், மரமோ ரெசினோ, எட்டாத உயரத்தில் வையுங்கள்.