மின்னஞ்சலா, நேர்முகமா? நாள்பட்ட நோயாளியிடம் கேட்டு எழுத எது தோது

நாள்பட்ட நோயோடு வாழ்வது எப்படி என்று பண்புசார் ஆய்வு (எண்களை விட்டு, அனுபவங்களைப் பேச்சில் கேட்டு அலசும் ஆய்வு) செய்பவர்கள் வழக்கமாக ரெக்கார்டரோடு வீட்டுக்கே போவார்கள். புதுச்சேரிப் பக்கம் வில்லியனூருக்கோ பாகூருக்கோ பஸ் பிடித்துப் போய் உட்கார்ந்தால் காபி வரும், கூடவே மாமியாரும் வந்து உட்காருவார். அப்புறம் எதைக் கேட்டாலும் "எல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்றுதான் பதில். மின்னஞ்சலில் அந்த மாமியார் இல்லை. (மெயில் மகனுடைய போனில் திறந்திருந்தால் மகன் இருப்பார். இதை முதலிலேயே விசாரித்துவிட வேண்டும்.)

இன்னொன்று நேரம். டயாலிசிஸ் வாரத்துக்கு 2, 3 தடவை, ஒவ்வொரு தடவையும் சுமார் 4 மணி நேரம். முடிந்து வந்த அன்று பலருக்கு அடித்துப் போட்ட மாதிரி அசதி. அவரிடம் "செவ்வாய் 11 மணிக்கு வரட்டுமா?" என்று கேட்பதைவிட, இரண்டு கேள்வியை அனுப்பிவிட்டு முடிகிற நாளில் எழுதச் சொல்வதே மரியாதை. தூக்கம் வராத இரவில் எழுதுவார், மறுநாள் படித்துத் திருத்துவார். நேரில் அவ்வளவு நிதானம் கிடைக்காது. ஒலிப்பதிவை எழுத்தாக்கும் பாடும் மிச்சம். 1 மணி நேரப் பேச்சுக்கே 4 மணி நேரமாவது பிடிக்கும்.

முடக்குவாதம் என்றால் கதை வேறு. காலையில் விரலே மடங்காதவரை டைப் அடிக்கச் சொல்ல முடியுமா? அவருக்கு வாட்ஸ்அப் வாய்ஸ் நோட் போதும். எழுத்தாக்கும் வேலை திரும்ப வரும், சரி, அது நம் பாடு.

கடலூர் முதுநகரில் யானைக்கால் வீக்கத்தோடு இருக்கும் பெரியவரிடம் மெயில் ஐடி கேட்பது அபத்தம். அங்கே நேரில்தான் போக வேண்டும். வீங்கிய காலில் சோப்புப் போட்டுக் கழுவி, விரல் இடுக்கெல்லாம் ஈரம் போகத் துடைப்பதைப் பார்த்தால், அறையில் உட்கார்ந்து தயாரித்த கேள்வித்தாளில் இல்லாத கேள்விகள் வரும். மெயிலை மட்டும் நம்பினால் படித்தவர்கள், ஆபீஸ் வேலை பார்த்தவர்கள் குரல்தான் ஆய்வில் கேட்கும். எனக்கு மெயில்மேல் இருக்கும் பெரிய குறை இதுதான்.

என்னைக் கேட்டால், நோயாளி புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையின் ஓபிக்கு வரும் அன்று ஒருமுறை நேரில் பார்த்து, ஒப்புதல் வாங்கி, மீதியை மெயிலிலோ வாய்ஸ் நோட்டிலோ அவர் விருப்பப்படி தொடரலாம். பதில் நின்றுபோனால் சலிப்பா, அட்மிஷனா என்று நமக்குத் தெரியாது. எப்போது வேண்டுமானாலும் விலகலாம் என்பது 2017-ஆம் ஆண்டின் ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) நெறிமுறையிலேயே இருக்கிறது. அதனால் ஒரே ஒரு நினைவூட்டல், அதற்குமேல் துரத்தக் கூடாது. "முடியல" என்று ஒரு வார்த்தை அனுப்பினாலே போதும் என்று முதல் நாளே சொல்லி வையுங்கள்.